ரோமாபுரிச் சீசாக்கள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது வெண்ணெய்க் கத்தி. தோட்டத்தை விட்டு வெண்ணெய் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கத்தி மட்டும் மிச்சம். அதை வைத்து ஆஸ்பத்திரி டிரசர் அயோடின் சீசாவின் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஈரக் காகிதம் சுருண்டு சுருண்டு மேசையில் விழுந்தது.

"கொய்னா இருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சு போச்சுது எண்டு நேற்றே சொன்னனான்," என்றார். நிமிரவில்லை.

நான் நம்பவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு மருந்து அலமாரியைத் துடைத்தபோது கீழ்த்தட்டில் ஒரு பழுப்புக் கண்ணாடி ஜாடியைப் பார்த்திருந்தேன். கொய்னா, அதாவது குயினைன், என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட லேபிள். கழுத்து வரை வெள்ளைத் தூள். அதன்பின் தோட்டத்தில் யாருக்கும் கொய்னா கொடுத்து நான் பார்க்கவில்லை. இப்போது அந்த ஜாடி கீழ்த்தட்டில் இல்லை.

அது 1943 ஆகஸ்ட். மலாயாவில், கெடா மாநிலத்துச் சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி. தகரக் கூரை, எட்டுக் கட்டில், ஒரு மருந்தறை. டாக்டர் கிடையாது, யாழ்ப்பாணத்துக்காரரான டிரசர்தான் எல்லாம். நான் அவருக்கு உதவியாள். அதற்கு முன் பினாங்கில் ஒரு பத்திரிகையில் அச்சுப் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் பத்திரிகை நின்றது. அக்கா வாழ்க்கைப்பட்ட தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அப்பா என்னைப் பினாங்கு மிஷன் பள்ளிக்கும் அக்காவைப் பால்மரத்துக்கும் அனுப்பியவர். அதனால் எனக்குக் கொஞ்சம் லத்தீன் தெரியும். அக்காவுக்கு ஐந்நூறு மரத்தில் பால் வெட்டத் தெரியும்.

அக்காவின் கணவரைச் சித்திரையில் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். ஆஸ்பத்திரி ஆள் என்று டிரசர் சொன்னதால் என்னை விட்டார்கள். ஆக, என் கால் கெடா மண்ணில் நிற்பதற்குக் காரணம் அவர் வாய்ச்சொல்தான். அவரைச் சந்தேகப்படும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருந்தது.

அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். ஆடியிலிருந்து முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானத்துக்குமேல் குளிர் தொடங்கும். இரண்டு சாக்கைப் போட்டு மூடினாலும் பலகைக் கட்டில் சத்தம் போடும். பிறகு கொதிக்கும். பிறகு வேர்க்கும். வேர்த்து முடிந்ததும் எழுந்து மரவள்ளிக்கிழங்கு உரிப்பாள். ஒவ்வொரு முறையும் எழ எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போனது. கொய்னா இருந்தால் காய்ச்சல் நிற்கும். அந்தத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

லேபிள் சுரண்டிய கதைக்கு வருகிறேன். முந்திய செவ்வாய்க்கிழமை, தோட்டங்களை மேற்பார்க்கும் ஜப்பானிய அதிகாரி வந்திருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கட்டியிருந்த கைக்கடிகாரம் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது என்று பார்த்ததும் தெரியும். கூட, மொழிபெயர்க்க ஒரு துபாஷி. சுங்கைப் பட்டாணி நகரத்துக்காரர், தமிழர். சண்டைக்கு முன் ஒரு ஜப்பானியரின் போட்டோக் கடையில் வேலை செய்து பாஷை பிடித்தவர். அதிகாரி அலமாரியைப் பார்த்ததும் ஒரே சொல்தான் சொன்னார்: "இங்கிலீஷ்."

ஆங்கில எழுத்து எங்கேயும் இருக்கக்கூடாது என்ற உத்தரவு ஏற்கெனவே உண்டு. சில கடைக்காரர்கள் பலகைக்காகவே அடி வாங்கியிருந்தார்கள்.

டிரசர் கைகட்டி நின்றபடி சொன்னார்: "இது இங்கிலீஷ் இல்லை. லத்தீன். ரோமாபுரிப் பாஷை. ரோமாபுரி இத்தாலியில கிடக்குது. இத்தாலி நிப்பொனுக்குச் சிநேகிதம் அல்லோ?"

துபாஷி ஜப்பானிய மொழியில் சொன்னது இதைவிட மூன்று மடங்கு நீளம். என்ன சேர்த்தார் என்று தெரியாது. அதிகாரி சீசாக்களை மறுபடி பார்த்தார். முகத்தில் கோபம் குறைந்திருந்தது.

"எல்லாமே ரோமாபுரிதானான்னு தொரை கேக்குறாரு," என்றார் துபாஷி.

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். டிரசர் சொல்லவில்லை. "அரைவாசி கிரேக்கம்," என்றார். "கிரேக்கம் வேற, ரோமாபுரி வேற."

கொய்னா விஷயத்தில் கூசாமல் பொய் சொல்லும் மனிதர், கிரேக்க விஷயத்தில் ஏன் உண்மை பேசினார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

உத்தரவு அங்கேயே வந்தது. கிரேக்க நாடு எதிரிப் பக்கம் நின்று சண்டை போட்ட நாடு. ஆகவே கிரேக்கம் அழிய வேண்டும். லத்தீன் இருக்கலாம். அடுத்த வாரம் பார்வைக்கு வருவார்.

அப்படித்தான் நானும் டிரசரும் நாலு நாள் மருந்தறையில் உட்கார்ந்து, எந்தச் சொல் எந்த ஊரில் பிறந்தது என்று பிரித்தோம். மேசையின் இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் லத்தீன்.

"அயோடின்?"

"கிரேக்கம் ஐயா. ஊதாப்பூ நிறம்னு அர்த்தம். சூடு பண்ணா ஊதாப் பொகை வருமே, அதனால."

"இதில டிங்ச்சர் எண்டு முன்னுக்கு ஒரு சொல் கிடக்குது."

"அது லத்தீன். சாயம் தோய்க்கிறது."

அவர் கத்தியால் லேபிளின் பின்பாதியை மட்டும் சுரண்டினார். சாயம் தோய்த்தது என்பது இருந்தது. எதில் தோய்த்தது என்பது போயிற்று.

கிளிசரின் கிரேக்கம், இனிப்பு. கார்பாலிக் லத்தீன், கரியும் எண்ணெயும். ஸ்டெதஸ்கோப் முழுக் கிரேக்கம், நெஞ்சைப் பார்ப்பது. காதால் கேட்கும் கருவிக்குப் பார்ப்பது என்று ஏன் பெயர் என்றார். எனக்குத் தெரியவில்லை. அதில் எழுத்து எதுவும் இல்லாததால் அது தப்பித்தது. குளோரோபாரம் வந்தபோது நான் தயங்கினேன்.

"முன்பாதி கிரேக்கம். வெளுத்த பச்சை. பின்பாதி லத்தீன்ல எறும்பு."

"எறும்போ?"

"எறும்புலேர்ந்து ஒரு அமிலம் எடுத்தாங்க. அந்தப் பேர் சுத்தி வளைச்சு இதுல வந்து ஒட்டிக்கிச்சு."

"விசர்க் கூட்டம்," என்றார். "பச்சையைச் சுரண்டுவம். எறும்பு இருக்கட்டும்."

கற்பூரச் சீசாவைத் தூக்கிக்காட்டினார். இரண்டு பக்கமும் இல்லை, நம் பக்கத்திலிருந்து அங்கே போன சொல் என்றேன். கற்பூரத்தை நடுவில் வைத்தார்.

சுவரில் கொசுவின் வாழ்க்கைப் படம் ஒன்று தொங்கியது. முட்டை, புழு, கூடு, பறக்கும் கொசு என நான்கு படம். நான்குக்கும் கீழே லத்தீன். அந்தச் சொற்களின் பழைய பொருளைச் சொன்னேன்: முட்டை, பேய், பொம்மை, உருவம். புழுவுக்குப் பேய் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. பேய்க்கும் முகமூடிக்கும் ரோமாபுரியில் ஒரே சொல்; புழு, உள்ளே இருக்கும் கொசுவை மறைத்துக்கொண்டிருக்கிறது. கூட்டுக்கு வைத்த பொம்மை என்ற சொல்லைத்தான், சிறு பொம்மை என்று ஆக்கி, கண்ணின் கறுப்புக்கும் வைத்தார்கள்.

"நாங்களும் பாவை எண்டுதானே சொல்லுறம்," என்றார் டிரசர். "கண்ணுக்குள்ள பாத்தா எதிரில நிக்கிறவன் குட்டியாத் தெரிவான். ரெண்டு பேரும் அதைத்தான் பாத்திருக்கினம்."

சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

படத்தின் தலைப்பில் அந்தக் கொசு இனத்தின் பெயர். அது மட்டும் கிரேக்கம். பயனற்றது என்று பொருள். "உதவாக்கரை," என்றேன். டிரசர் அந்த நாலு நாளில் ஒரே முறை சிரித்தது அப்போதுதான். தலைப்பைக் கத்தரித்து எடுத்தோம். பெயரில்லாத கொசு சுவரில் நின்றது.

வெளியே மருந்துக்கு நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு பாதிதான் கேட்கும். புரியாத சொற்கள் ஒவ்வொன்றாக வரும், சீசா இடமோ வலமோ போகும். கேட்டுக்கொண்டே நின்ற ஒரு பால்வெட்டுக்காரப் பெண் ஒருநாள் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"என்னா தம்பி, ரெண்டு பேரும் மந்திரம் ஓதுறீங்க?"

"மந்திரம் இல்லக்கா. ஊபாட் பேருங்க, மருந்துப் பேருங்க."

"ஊபாட்டுக்கு இவ்ளோ பேரா? சும்மா சொல்லாத லா. சயாமுக்கு எந்தெந்த லயத்துலேர்ந்து ஆள் எடுக்கணும்னு பிரிக்கிறீங்க. இந்தப் பக்கம் போறவன், அந்தப் பக்கம் இருக்கிறவன். எங்களுக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து நான் ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனால் பேச்சு நின்றது. அக்காவிடம்கூட இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள்.

கடைசி நாள்தான் அந்த ஜாடி வந்தது. மேல்தட்டில் பஞ்சுக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. அதே பழுப்புக் கண்ணாடி. புது லேபிள், டிரசரின் கையெழுத்து: கார்ட்டெக்ஸ். நான் எடுப்பதற்குள் அவரே எடுத்தார்.

"இது லத்தீன். வலப்பக்கம்," என்றார். அதுவரை ஒரு சீசாவுக்குக்கூட அவரே முடிவு சொன்னதில்லை.

லத்தீன்தான். மரப்பட்டை என்று பொருள். ஆனால் ஜாடிக்குள் பட்டை இல்லை, வெள்ளைத் தூள். கொய்னா என்ற சொல்லோ கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. தென் அமெரிக்க மலைவாசிகளுடைய சொல். பத்திரிகையில் ஒரு விஞ்ஞானக் கட்டுரையில் அதை நான் திருத்தியிருக்கிறேன். அவர்கள் மொழியில் அதற்கும் மரப்பட்டை என்றுதான் பொருள்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்தக் கசப்பில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தூள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

அதிகாரி வந்தார், வலப்பக்கத்தைப் பார்த்தார், இடப்பக்கத்தைப் பார்த்தார், தலையசைத்துவிட்டுப் போனார். துபாஷி போகவில்லை. மருந்தறைக்குள் டிரசருடன் சற்று நின்றார். வெளியே வரும்போது சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலத்தை அழுத்திவிட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை சைக்கிளில் தனியாகவே வந்தார். மறுபடி பொட்டலம்.

அன்று மாலை டிரசரிடம் நேராகவே கேட்டேன்.

"கார்ட்டெக்ஸ்ல பட்டை இல்லியே ஐயா."

அவர் கதவைச் சாத்தினார். "நாக்கில வைச்சுப் பாத்தீர் என்ன?"

"எங்கக்கா நடுங்கிக்கிட்டு கெடக்குது. நீங்க துபாஷிக்குப் பொட்டலம் கட்டுறீங்க."

"ஓம், கட்டுறன். அவருக்கும் காய்ச்சல்தான். எங்கட ரோமாபுரிக் கதையை அந்தத் துரைக்கு ஆர் சொன்னது? நானோ, நீரோ? அவர் என்ன சொன்னாரோ ஆருக்குத் தெரியும். பொட்டலம் இல்லாட்டி என்ன சொல்லியிருப்பார் எண்டும் தெரியாது. குயினைன் எண்டு எழுதி வைச்சிருந்தா அண்டைக்கே பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பாங்கள்."

"சரி. அக்காவுக்குக் கொஞ்சம் குடுங்க."

"அவவுக்கு ஆறு மாசம். குயினைன் குடுத்தாப் பிள்ளை கரைஞ்சாலும் கரையும். கரைஞ்சா ஆர் பொறுப்பு?"

"இது நெசமா, இல்ல பொட்டலத்துக்குப் பத்தாம போயிடும்னு சொல்றீங்களா?"

"புத்தகத்தில கிடக்குது."

"புத்தகத்தைக் காட்டுங்க."

"இங்கிலீஷ்ப் புத்தகம் தம்பி. போன வருசமே எரிச்சாச்சு."

அது உண்மை. எரித்ததை நானே பார்த்திருந்தேன். மற்றது உண்மையா என்று அறிய வழி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அச்சுப் பிழை என்றால் எனக்குத் தெரிந்துவிடும். முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கழுத்து வரைக்கும் இருந்துச்சு. மொதப் பொட்டலத்துக்கு முன்னாடியே பாதிக்கு மேல போயிருச்சு. அது எங்க ஐயா?"

"ஆவியாப் போச்சுது," என்றார்.

கொய்னா ஆவியாகாது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, பட்டை, பிள்ளை கரையும் என்ற பேச்சு. சாக்குக்குள்ளிருந்து கேட்டாள்.

"குளுரு வர்றப்பல்லாம் வயித்துல அசைவு நின்னு போவுது தம்பி," என்றாள். "அப்புறம் ரொம்ப நேரங்கழிச்சுத்தான் அசையுது. நேத்து விடியுற வரைக்கும் அசையல. கொய்னா குடிச்சா போவுமோ என்னமோ. குடிக்கலன்னா போயிடும், அது எனக்குத் தெரியுது. நாளைக்கு நானே வர்றேன்."

மறுநாள் காலை, காய்ச்சல் இல்லாத நாள். அக்கா வரிசையில் நின்றாள். முன்னும் பின்னுமாக ஒரு பதினைந்து பேர். டிரசர் மேசைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"குடுங்க டிரசர் ஐயா. என் வவுறு, என் பாடு. இல்லன்னு சொன்னீங்கன்னா இங்கேயே சத்தம் போடுவேன்."

டிரசர் என்னை ஒருமுறை பார்த்தார். வரிசையைப் பார்த்தார். உள்ளே போய்ப் பீங்கான் கோப்பையில் கலக்கி எடுத்து வந்தார். "சோடா உப்பு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு உதடு அசையாமல் அவளிடம், "முகம் சுழிக்காதேயும்."

அக்கா குடித்தாள். கண் சிமிட்டவில்லை. வெந்நீர் குடிப்பவள் போல நிதானமாக, கடைசிச் சொட்டு வரை. ஒரு புருவம்கூட அசையவில்லை. நான் மூச்சை விட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தாள். வாயை அகலத் திறந்தாள். நாக்கை நீட்டி, மேலே தூக்கி, இடமும் வலமும் காட்டினாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடும் நேரத்தில், ஒவ்வொருவர் வாயிலும் கொய்னாத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆட்கள் அதைக் கன்னத்தில் அடக்கிப் போய் மரத்தடியில் துப்புவார்கள். ஆகவே விழுங்கினாயா என்று டிரசர் ஒவ்வொரு வாயாகத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அக்கா பத்து வயதிலிருந்து அந்த வரிசையில் நின்றவள். வேறு எந்த மருந்துக்கும் யாரும் வாயைத் திறந்து காட்டுவதில்லை.

வரிசை அப்படியே நின்றது. மந்திரம் என்று கேட்ட அதே பால்வெட்டுக்காரப் பெண் பின்னாலிருந்து சொன்னாள்.

"ஓகோ. சோடா உப்பா?" ஒரு அடி முன்னால் வந்தாள். "எம் புருசனுக்கும் சோடா உப்புத்தான் வேணும் டிரசர் ஐயா. எட்டு நாளா நடுங்குறாரு."

டிரசர் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். உள்ளே போனார். ஜாடியை வெளியே கொண்டுவந்து மேசை மேல், எல்லோருக்கும் தெரிய வைத்தார். காய்ச்சல் உள்ளவர்கள் ஒரு பக்கம் வரச் சொன்னார். அவர்கள் குடித்தார்கள், எல்லோரும் வாயைத் திறந்து காட்டினார்கள். அவரும் பழையபடி ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்தார். அக்காவுக்கென்று ஒரு வாரத்துக்கானதைத் தனியே எடுத்து என்னிடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவராகக் கொடுத்தது அது ஒன்றுதான். அந்த வாரக் கடைசிக்குள் ஜாடி காலி.

அக்காவுக்கு நான்காம் நாள் குளிர் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. வயிற்றில் அசைவு இருந்தது.

சனிக்கிழமை துபாஷி வந்தார். மேல் சட்டைப் பொத்தான்கள் மாற்றிப் போடப்பட்டிருந்தன. உதடு வெடித்திருந்தது. காலி ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"தோட்டமே குடிச்சுதாமே டிரசர். சுங்கைப் பட்டாணி வரைக்கும் கேக்குது."

"ஓம்," என்றார் டிரசர்.

"இது என்னா எழுத்து, கார்ட்டெக்ஸ்? ரோமாபுரியா?"

"ரோமாபுரிதான்."

"இத்தாலிக்காரன் கவுந்துட்டான், தெரியுமா? வெள்ளைக்காரன்கிட்ட சரண்டர். நேத்து ஆபீஸ்ல சொன்னாங்க." ஜாடியை மேசையில் வைத்தார். சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். "ரோமாபுரியும் இப்ப எதிரிதான் டிரசர். அதையும் சுரண்டிருங்க."

திங்கட்கிழமை முதல் வலப்பக்கத்தைச் சுரண்டினோம். எறும்பும் கரியும் சாயமும் போயின. கொசுப் படத்திலிருந்து பேயையும் பொம்மையையும் வெட்டினோம். கற்பூரம் மட்டும் பெயரோடு நின்றது. டிரசர் சீசாக்களை மூடி திறந்து முகர்ந்து பார்த்து வரிசை வைத்தார். நான் முகர்ந்து பழகினேன். அன்று அவர் எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை, "உம்மட அக்கா எப்படி?" என்றார்.

"அசையுதாம் ஐயா."

"நல்லது," என்றார்.

புரட்டாசிக் கடைசியில் சயாம் முகாமுக்கு ஒரு டிரசர் வேண்டும் என்று ஆணை வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்துதான் கேட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் டிரசர்கள் இருந்தார்கள். யார் எங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. லாரியில் ஏறும்போது ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டார். வெண்ணெய்க் கத்தியை என்னிடம் கொடுத்தார். வரிசையில் நின்ற பெண்களில் சிலர் வந்திருந்தார்கள். துபாஷி வரவில்லை, காய்ச்சல் என்றார்கள்.

அந்த மாதமே கெடாவைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. பாலிங் சாலையில் புதுக்கொடி பார்த்ததாகச் சொன்னார்கள். சீசாக்களில் எழுத இனி எந்த மொழி என்று யாரும் வந்து சொல்லவில்லை.

கார்த்திகையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை போட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியில் டிரசர் இல்லை.